மாசியில் அப்பத்தா தவறவிட்ட பஸ்

2022 பிப்ரவரி முதல் வாரம். வேடசந்தூர் பக்கம் எங்கள் ஊரில் இல்லம் தேடிக் கல்வி மையம் ஒன்றில் நான் தன்னார்வலராக இருந்தேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு, ஒரு வீட்டுத் திண்ணையில், பதினேழு பிள்ளைகள். அதில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டாம் வகுப்பை ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. ஜனவரியில் மறுபடி மூடி, பிப்ரவரியில் மறுபடி திறந்தார்கள். பள்ளிக்கூட மணிச் சத்தம் இல்லாமல் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

அன்றைக்குப் பாடம், மணி பார்ப்பது. கல்யாணப் பத்திரிகை அட்டையை வட்டமாக வெட்டி, சின்ன முள், பெரிய முள் செருகி ஒரு கடிகாரம் செய்து கொண்டுபோயிருந்தேன். அதை அஞ்சரையில் வைத்து ஒரு சிறுமியிடம், "இதுல மணி என்ன?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஆறு... ஆறு" என்றாள். பெரிய முள் ஆறில் நிற்கிறது, சின்ன முள் அஞ்சைத் தாண்டி ஆறைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அவள் சொன்னதில் என்ன தப்பு? "சரி, இப்ப நெசமாவே மணி என்ன இருக்கும்?" என்றேன். அவள் அட்டையைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தாள். "அம்மா வர்ற மில் வேன் இன்னும் திரும்பலை மிஸ். அஞ்சரை ஆகலை."

என் செல்போனை எடுத்துப் பார்த்தேன். 5.22.

இந்தப் பிள்ளைக்கு மணி தெரியாது என்று எப்படி எழுதுவது? அன்றைக்கு ராத்திரி எனக்கு அப்பத்தா ஞாபகம் வந்தது. நான் முதன்முதலில் மணி பார்க்கச் சொல்லிக்கொடுத்ததும், சொல்லிக்கொடுத்துத் தோற்றதும் அப்பத்தாவிடம்தான்.

*

அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது, கடிகாரமும் தெரியாது. வெள்ளி முளைக்க எழுந்திருப்பாள். கோழி கூப்பிட வாசல் தெளிப்பாள். ஏறுபொழுது, உச்சி, இறங்குபொழுது, மாடு திரும்புற நேரம், விளக்கு வைக்கிற நேரம், ஊரடங்குற நேரம், சாமம். அவளுடைய ஒரு நாள் இவ்வளவுதான். இதில் எதையும் அவள் பிசகியதில்லை.

வாசலில் மாடு கட்டுகிற கல்தூண் ஒன்று இருந்தது. அதன் நிழல் தரையில் பாவியிருந்த இரண்டு பலகைக்கல்லுக்கு நடுவே உள்ள இடுக்கில் வந்து விழுந்தால் உச்சிப்பொழுது. திண்டுக்கல் பஸ் எங்கள் ஊர் விலக்குக்குப் பன்னிரண்டு இருபதுக்கு வரும். நிழல் இடுக்கைத் தொட்டதும் அப்பத்தா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். ஐப்பசி மாசம் பஸ்ஸைப் பிடித்துவிடுவாள், உட்கார இடம்கூட கிடைக்கும். மாசி மாசம் விலக்குக்குப் போய் நின்றால் பஸ் போன புழுதிதான் இருக்கும். "எந்த எழவெடுத்தவன் இன்னைக்கு வெரசா ஓட்டிட்டுப் போயிட்டான்" என்று திட்டிக்கொண்டே திரும்பி வருவாள்.

வீட்டில் எல்லோரும் சிரிப்போம். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. புதுசாக மணி பார்க்கத் தெரிந்த திமிர் வேறு. சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, "இங்க பாரு அப்பத்தா, மணி பன்னெண்டு முப்பத்தஞ்சு. நீ உச்சிங்கிற!" என்பேன். அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "அது பொய் சொல்லும்டி. நெழல் பொய் சொல்லாது."

இருபது வருஷம் கழித்து, அட்டைக் கடிகாரம் செய்யப் போய்த்தான், அவள் சொன்னதைச் சரிபார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

*

கடிகாரம் இல்லாத பள்ளிக்கூடங்கள் நம்மிடம் நூற்றாண்டுக் கணக்கில் நடந்திருக்கின்றன. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நேரம் ஒரு தனிப் பாடம் கிடையாது. அது மனப்பாடத்தின் ஒரு பகுதி. கிழமை ஏழு, திதி பதினைந்து, மாதம் பன்னிரண்டு, நட்சத்திரம் இருபத்தேழு, பிரபவ முதல் அட்சய வரை வருஷம் அறுபது. கூட்டல் வாய்பாட்டோடும் முந்திரி, மாகாணி, அரைக்கால், கால் என்ற கீழ்வாய் இலக்கத்தோடும் சேர்த்து இதையும் பிள்ளைகள் கத்திக் கத்தி உருப்போட்டார்கள். அறுபது விநாடி ஒரு நாழிகை, அறுபது நாழிகை ஒரு நாள். ஒரு நாழிகை நம் கணக்கில் 24 நிமிடம். நாள் தொடங்குவது சூரியன் கிளம்பும்போது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, ஊரே தூங்கிக்கொண்டிருக்கும்போது, தேதி மாறும் என்று சொன்னால் அந்தத் திண்ணையில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

பிந்தி வருகிறவனை அங்கே எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் தம் கலெக்டர்களிடம் உள்ளூர்ப் பள்ளிக்கூடங்களைப் பற்றிக் கணக்குக் கேட்டார். அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த பல்லாரியின் கலெக்டர் ஏ. டி. கேம்பெல் 1823-ல் அனுப்பிய அறிக்கையில் ஒரு வழக்கத்தை விவரிக்கிறார். காலையில் முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். அது மரியாதை. இரண்டாவது வருகிறவன் கையில் ஒரு சுழி. அவனுக்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி. நான்காமவனுக்கு இரண்டு. அதற்கப்புறம் வருகிற ஒவ்வொருவனுக்கும் ஓர் அடி கூடிக்கொண்டே போகும்.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடியை நான் நியாயப்படுத்தவில்லை. முப்பதாவதாக வந்த பிள்ளையின் கையை நினைத்தாலே வலிக்கிறது. ஆனால் அங்கே 'லேட்' என்பதற்கு நிமிஷம் தேவைப்படவில்லை. உனக்கு முன்னால் எத்தனை பேர் வந்தார்கள் என்பதுதான் கணக்கு. எல்லோரும் சேர்ந்து பிந்தினால் யாருமே பிந்தவில்லை.

மனப்பாடத்தை இன்று நாம் கேலியாகப் பேசுகிறோம். அந்த மனப்பாடம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. ஜான் வாரன் என்பவர் சென்னை வான் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். நம் பஞ்சாங்க முறைகளைப் பற்றி அவர் எழுதிய 'காலசங்கலித' என்ற ஆங்கில நூல் 1825-ல் சென்னையில் அச்சானது. புதுச்சேரியில் தாம் சந்தித்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பற்றி அவர் பதிவு செய்திருக்கிறார். அந்த மனிதர் தரையில் உட்கார்ந்தார், சோழிகளை எண்களாகப் பரப்பினார், சொற்களாகவும் அசைகளாகவும் மனப்பாடம் செய்து வைத்திருந்த அட்டவணைகளை முணுமுணுத்தபடியே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்தார். 1825 மே 31 இரவின் கிரகணம் அது. தொடக்கத்தில் 4 நிமிடம் பிசகு, நடுவில் 23, முடிவில் 52. தாளில்லை, பேனா இல்லை, கடிகாரமும் இல்லை. ஓட்டோ நொய்கெபவர் என்ற கணித வரலாற்று அறிஞர் 1952-ல் இதை எடுத்து ஆராய்ந்தார். பாபிலோனியக் கணித மரபின் சாயல் கொண்ட ஒரு முறை பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டில் உயிரோடு இருந்ததே என்பதுதான் அவருடைய வியப்பு.

அந்தப் பஞ்சாங்கக்காரரிடம் என் அட்டைக் கடிகாரத்தைக் காட்டியிருந்தால், அவரும் "ஆறு... ஆறு" என்றுதான் சொல்லியிருப்பார்.

*

எங்கள் பக்கத்துக்குக் கடிகாரம் ரயிலில் வந்தது. திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு 1875-ல் ரயில் ஓடத் தொடங்கியது. மாட்டு வண்டி விடியக் கருக்கலில் கிளம்பும், ரயில் 6.10-க்குக் கிளம்பும். ஆறு பத்து என்றால் யாருடைய ஆறு பத்து?

சென்னையின் ஆறு பத்து. சென்னை வான் ஆய்வுக்கூடம் 1792-ல் கட்டப்பட்டது. அங்கே ஜான் கோல்டிங்ஹாம் 1802-ல் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்தார். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் கிட்டத்தட்ட நடுவில் அது விழுந்ததால், 1870 வாக்கில் இந்திய ரயில்கள் 'மெட்ராஸ் டைம்' என்பதைப் பொது நேரமாக வைத்துக்கொண்டன. திண்டுக்கல் சென்னைக்கு மேற்கே இருக்கிறது. இங்கே சூரியன் உச்சிக்கு வருவதற்கு ஒன்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட முன்பே ஸ்டேஷன் கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்துவிடும்.

பிறகு 1906 ஜனவரி 1. கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால் என்று இந்திய நேரம் வந்தது. உத்தரப்பிரதேசத்து மிர்சாப்பூர் பக்கம் போகிற 82.5 பாகை கிழக்குக் கோட்டின் நேரம் அது. பம்பாயில் இதனால் கடிகாரம் 39 நிமிடம் முன்னே தள்ளப்பட்டது. இவ்வளவு நேரம் முன்னதாக எழுந்து வேலைக்கு ஓட வேண்டுமா என்று ஆலைத் தொழிலாளர்கள் கொதித்தார்கள். பம்பாய் மாநகராட்சி பல பத்தாண்டுகள் பழைய நேரத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. திண்டுக்கல்லில் நம் பங்கு சுமார் 18 நிமிடம். சண்டை போடுகிற அளவுக்கு அது பெரிசில்லை. ஒரு கிழவி பஸ்ஸைத் தவறவிடும் அளவுக்குப் பெரிசு.

ரயிலின் நேரம் பள்ளிக்கூடத்துக்குள் எப்படி நுழைந்தது என்பதற்கு நான் ஆவணக் காப்பகத்துக்குப் போகவில்லை. நான் படித்த தொடக்கப் பள்ளியின் வேப்பமரத்தில் அது தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு தண்டவாளத் துண்டு. முழ நீளம், மேலே ஓட்டை போட்டுக் கம்பி கோத்தது. அதை இன்னொரு இரும்புத் துண்டால் அடித்தால் ஊர் முழுக்கக் கேட்கும். தமிழ்நாட்டுக் கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் படித்த பலருக்கு இந்த இரும்பின் சத்தம் இன்னும் காதில் இருக்கும். ஸ்டேஷனிலும் டைம்டேபிள், வகுப்பிலும் டைம்டேபிள். தமிழ் பீரியட் வரும், போகும், கணக்கு பீரியட் வரும். ரிப்பேருக்குக் கழற்றிப் போட்ட ரயில் பாதையில் ஒரு துண்டு மரத்தில் ஏறி, அடுத்த தலைமுறைக்கு நேரம் சொல்லிக்கொண்டிருந்தது.

*

2022 பிப்ரவரி 13, ஞாயிற்றுக்கிழமை, மாசி முதல் தேதி. பிள்ளைகளைப் பத்தரை மணிக்கே வரச் சொன்னேன். மைதானத்தில் ஒரு கம்பை நேராக நட்டோம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் ஒரு கல்லை வைக்க வேண்டும். எந்தக் கல் கம்புக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறதோ அதுதான் உச்சி. "பன்னெண்டு மணிக்குத்தான் மிஸ் நெழல் கட்டையாகும்" என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறதாம்.

பன்னிரண்டு ஆனது. நிழல் குறைந்துகொண்டே இருந்தது. 12.10, 12.20, இன்னும் குறைகிறது. மில் வேன் சிறுமி மண்ணில் குப்புறப் படுத்துவிட்டாள், நுனியைப் பார்க்க. 12.30-க்கும் 12.40-க்கும் வைத்த கற்களுக்குள் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. 12.50-ல் நிழல் மறுபடி நீள ஆரம்பித்தது. கணக்கின்படி அன்று எங்கள் ஊரில் உச்சி சுமார் 12.32.

காரணம் இரண்டு. ஒன்று, நாம் பார்த்த 18 நிமிடம். நம் கடிகாரத்தில் ஓடுவது மிர்சாப்பூர்ச் சூரியன். இரண்டாவது, சூரியனே சீராக ஓடுவதில்லை. பூமி சூரியனைச் சரியான வட்டத்தில் சுற்றுவதில்லை, சாய்ந்துகொண்டும் சுற்றுகிறது. அதனால் உண்மையான உச்சி வருஷத்தில் முன்னும் பின்னும் நகர்கிறது. பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தும், நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும். திண்டுக்கல்லில் மாசிப் பிறப்பின் உச்சி 12.32, ஐப்பசிக் கடைசியின் உச்சி 12.02. கடிகாரம் இந்த ஏற்ற இறக்கத்தைச் சராசரி போட்டு மறைத்துவிடுகிறது.

பன்னிரண்டு இருபது பஸ்ஸை அப்பத்தா ஐப்பசியில் பிடித்ததும் மாசியில் விட்டதும் இதனால்தான். அவள் ஒரு நாளும் பிந்தவில்லை. வருஷம் பூராவும் சரியான உச்சிக்குத்தான் வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். நாங்கள்தான் சிரித்தோம்.

இதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது ஒரு பையன், "அப்ப கடிகாரம் தப்பா மிஸ்?" என்றான். நான் இல்லை என்றேன். எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஏற வேண்டும் என்றால் எல்லோரும் ஒரே பொய்யை ஒத்துக்கொள்ள வேண்டும். அது நல்ல பொய்தான். ஆனால் ஒத்துக்கொண்டோம் என்பது ஞாபகம் இருக்க வேண்டும். எங்கள் சமவெளியிலிருந்து பார்த்தால் மேற்கே கொடைக்கானல் மலை. சென்னையிலிருந்த வானாய்வு 1899-ல் அங்கேதான் போனது. 1904 முதல் அங்கே சூரியனைப் படம் எடுத்து வைத்துவருகிறார்கள். "அந்த மலையில இருக்கறவங்களும் உங்க மாதிரி நெழல் பார்க்குற ஆளுங்கதான்" என்றேன். அதற்கப்புறம் கொஞ்ச நாளைக்கு ஊரில் கண்ட இடத்தில் எல்லாம் கம்பு நட்டிருந்தது.

அட்டைக் கடிகாரத்தையும் மாற்றினேன். மூன்று என்றால் பதினைந்து, ஆறு என்றால் முப்பது என்று சொல்லிக்கொடுப்பதை நிறுத்தினேன். கால் கிலோ தக்காளி, அரை லிட்டர் பால், முக்கால் டம்ளர் டீ எல்லாம் இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். வட்டத்தை நாலாகக் கிழித்து, பெரிய முள் கால்வாசி போனால் 'அஞ்சே கால்', பாதி போனால் 'அஞ்சரை', முக்கால்வாசி போனால் 'அஞ்சே முக்கால்' என்றேன். பாருங்கள், இங்கிலீஷ்காரர்கள் ஆறுக்குக் கால் குறைச்சல் என்று பின்னாலிருந்து எண்ணுவார்கள். தமிழில் அஞ்சோடு முக்காலைக் கூட்டிக்கொண்டு முன்னே போகிறோம். திண்ணைப் பள்ளியின் கீழ்வாய் இலக்கம் நம் வாயில் மிச்சமிருக்கும் இடம் இது. நிமிஷக் கணக்கு அதற்கு அடுத்த வாரம் தானாக வந்தது. மில் வேன் சிறுமி மூன்றாவது நாளே மணி சொன்னாள்.

*

கடிகாரத்துக்குப் பிறகு காலண்டர். சிவகாசியில் வருஷாவருஷம் ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். தை பிறப்பதற்கு முன்பே கடை கடையாக அது நம் வீட்டுச் சுவருக்கு வந்துவிடும். நாள்காட்டியின் ஒரு தாளைக் கிழித்து ஆளுக்கொன்று கொடுத்தேன். "இதுல எத்தனை தேதி இருக்கு, எண்ணுங்க."

ஒன்று என்றார்கள். பிறகு இரண்டு. பிறகு ஒரு பையன், அவன் குடும்பம் பேகம்பூரிலிருந்து வந்து எங்கள் ஊரில் கறிக்கடை வைத்திருந்தது, "இதுவும் தேதிதான் மிஸ், எங்க வாப்பா பார்ப்பாங்க" என்று ஹிஜ்ரித் தேதியைக் காட்டினான். அந்தச் சின்னத் தாளில் ஆங்கிலத் தேதி சூரியனுடையது. தமிழ்த் தேதியும் சூரியனுடையதுதான், ஆனால் நட்சத்திரங்களை வைத்து அளந்தது. திதியும் ஹிஜ்ரித் தேதியும் நிலாவுடையவை. மூன்று கடிகாரம் ஒரே தாளில்.

பொங்கல் ஏன் ஜனவரி 14, 15-ஐ விட்டு நகர்வதில்லை? கிறிஸ்துமஸ் ஏன் நகர்வதே இல்லை, ஈஸ்டர் மட்டும் ஏன் நகர்கிறது? ரம்ஜான் ஏன் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே வருகிறது? தீபாவளி ஏன் முன்னும் பின்னும் தாவினாலும் அக்டோபர், நவம்பரைத் தாண்டுவதில்லை? பிள்ளைகள் கேட்ட கேள்விகள் இவை. பன்னிரண்டு நிலா மாசம் சேர்த்தால் 354 நாள்தான், சூரியனுக்குப் பதினோரு நாள் குறைவு. ஹிஜ்ரி அந்தக் குறையைச் சரிக்கட்டுவதில்லை, அதனால் ரம்ஜான் எல்லாப் பருவத்துக்கும் போய்வருகிறது, வெயிலிலும் நோன்பு, மழையிலும் நோன்பு. தீபாவளி நிலாவைப் பார்த்தாலும் ஐப்பசி என்ற வேலிக்குள் பார்க்கிறது. ஈஸ்டரும் அப்படித்தான், வசந்தத்தின் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு.

மார்கழிக்கு ஏன் 29 நாள், ஆனிக்கு ஏன் 32 நாள் என்பதற்கும் மாசி உச்சிக்கும் சொந்தம் உண்டு. ஜனவரி தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகே இருக்கிறது, அப்போது வேகமாக ஓடுகிறது. மார்கழி சீக்கிரம் முடிந்துவிடுகிறது. ஆனியில் தூரமாக, மெதுவாகப் போகிறது.

இந்தக் கணக்கெல்லாம் சும்மா தெரிந்துகொள்ள என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்த வருஷம் மே மாசம் அப்பாவுக்கு மில்லிலிருந்து ஒரு கடிதம் வந்தது.

*

அப்பாவின் பிறந்த தேதி எல்லா ஆவணத்திலும் 4.6.1964. அதன்படி 2022 ஜூனில் அவருக்கு 58 முடிகிறது, ஓய்வு. கடிதத்தைப் படித்துவிட்டு அப்பா, "எனக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

அந்தத் தேதி வந்த கதை ஊரில் எல்லோருக்கும் உள்ள கதைதான். பிறப்புச் சான்றிதழ் கிடையாது. நாடு முழுமைக்குமான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1969-ல்தான் வந்தது. அதே 1969 ஜூனில் அப்பத்தா அப்பாவைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப் போனாள். வலது கையைத் தலைக்கு மேலாகப் போட்டு இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் அஞ்சு வயசு. அப்பாவுக்கு எட்டவில்லை. அப்பத்தா பின்னாலிருந்து கையை இழுத்துத் தொட வைத்தாளாம். அவசரத்துக்குக் காரணம் படிப்பு இல்லை, சோறு. காமராஜர் 1956-ல் கொண்டுவந்த மதிய உணவு. பள்ளிக்கூடத்தில் சேர்ந்தால் பிள்ளைக்கு ஒரு வேளைச் சாப்பாடு நிச்சயம். தலைமையாசிரியருக்கும் அது தெரியும். ஜூனில் அஞ்சு வயசு முடிந்திருக்கிற மாதிரி ஒரு தேதியை அவரே எழுதிவிட்டார். நம் ஊர்களில் அந்தத் தலைமுறையில் பாதிப் பேருக்கு மே, ஜூனில் பிறந்தநாள் வருவது இப்படித்தான்.

அப்பத்தா 2019-ல் போய்ச் சேர்ந்தாள். அதற்கு முன்னால், கல்லூரியில் படிக்கும்போது, ஒரு நாள் அவளிடம் அப்பா பிறந்த நாளைக் கேட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அப்போது அதை ஒரு வேடிக்கையாகத்தான் எழுதினேன். தேடி எடுத்தேன். "குரோதி வருஷம் மார்கழி. தனுஷ்கோடில ரயிலே கடலுக்குள்ள போயிருச்சுன்னு ஊரெல்லாம் பேசின பத்தாம் நா. வெள்ளிக்கெழம. மறுநா அமாவாச. கேட்டை. ஒரு பனை ஒசரம் பொழுது ஏறியிருந்துச்சு."

ஆறு தகவல். உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். குரோதி வருஷம் 1964 சித்திரையில் தொடங்கியது. தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர் 22 இரவு, ரயிலைக் கடல் கொண்டது 23 விடிவதற்குள். 23-ஐ முதல் நாளாக எண்ணினால் பத்தாம் நாள் 1965 ஜனவரி 1. அது வெள்ளிக்கிழமை. மறுநாள் சனிக்கிழமை அமாவாசை. வெள்ளி காலை நிலா நின்ற இடம் கேட்டை நட்சத்திரம். ஒன்றையொன்று சாராத அத்தனை குறிப்பும் ஒரே நாளில் வந்து நின்றது. ஆங்கிலப் புத்தாண்டு அன்று பிறந்திருக்கிறார் அப்பா. வீட்டில் ஒருவருக்கும் அது தெரியாது.

பனை உயரத்தை மட்டும் நான் மணியாக மாற்றவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

அப்பத்தாவின் குறிப்பை எந்த அலுவலகத்திலும் காட்ட முடியாது. காட்டினால் சிரிப்பார்கள். பதிவேட்டில் உள்ள தேதியைத் தலைமையாசிரியர் ஒரு நிமிடத்தில் யோசித்து எழுதினார், அதற்குப் பின்னால் ஒரு சாட்சியும் இல்லை. அப்பத்தாவின் தேதிக்குச் சூரியன், நிலா, ஒரு புயல் எல்லாம் சாட்சி. ஏழு மாசச் சம்பளம் எந்தத் தேதியின்படி போனது என்று சொல்ல வேண்டியதில்லை. யாரைக் குற்றம் சொல்வது? கையை இழுத்துக் காதைத் தொட வைத்ததும் அவள்தான். அந்தச் சோற்றில்தான் அப்பா வளர்ந்தார். சரியான தேதியை ஐம்பது வருஷத்துக்கும் மேலாக மனசில் வைத்திருந்ததும் அவள்தான். இரண்டு கணக்கும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. எதை எப்போது பள்ளிக்கூடத்துக்குச் சொல்ல வேண்டும், எதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் தெரிந்தே இருந்தது.

எனக்கு உறுத்துவது வேறு. நான் மூன்றாம் வகுப்பில் கடிகாரத்தைக் காட்டி அவளைச் சிரித்தேனே, அது. மணி பார்க்கக் கற்றுக்கொண்ட அன்றே, மணி தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் கற்றுக்கொண்டேன். இரண்டும் ஒரே பாடமாகத்தான் எனக்கு வந்தது. பிள்ளைகளுக்கு முதல் பாதியை மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதே இப்போது என் கவலை. அதனால்தான் மணி பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு நான் கொடுக்கிற முதல் வீட்டுப்பாடம் இது: வீட்டில் இருக்கிற பெரியவரிடம் போய், அவர் பிறந்த நாளைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வா. வெள்ளம், பஞ்சம், எம்.ஜி.ஆர். படம், கோயில் கும்பாபிஷேகம், எது வந்தாலும் அப்படியே எழுது. தேதி நாம் கண்டுபிடிப்போம்.

அறுபது வருஷம் சுற்றி, குரோதி 2024 சித்திரையில் திரும்பி வந்தது. அதே வருஷம், அதே மார்கழி, அதே கேட்டை, டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அன்றுதான் அறுபதாம் கல்யாணம் வைத்தோம். மில் வேன் சிறுமி, இப்போது ஆறாம் வகுப்பு, அம்மாவோடு வந்திருந்தாள். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டதா என்று ஐயர் கேட்டபோது நாங்கள் எல்லோரும் செல்போனைத் தேடினோம். அவள் வாசல் கல்தூணின் நிழலைப் பார்த்துவிட்டு, "இன்னும் இருக்கு" என்றாள்.

ஜூன் 4-ம் தேதி வங்கியிலிருந்து அப்பாவுக்கு இப்போதும் வாழ்த்து வருகிறது. அப்பா அதைப் படித்துவிட்டு, "சரி, சரி" என்று போனை வைத்துவிடுகிறார். மார்கழிக் கேட்டைக்கு அம்மா வடை சுடுகிறார்.